தனித்தனியாகப் பார்த்தால்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முத்து முத்தாக எழுதியவன்தான். மாலை வகுப்பில் சேர்ந்து, பேசுகிறவரின் வேகத்துக்கு ஓடி ஓடிக் குறிப்பெடுத்ததில் கோழி கிளறியது போல் ஆகிவிட்டது. தட்டச்சு செய்து தரட்டுமா என்று கேட்டேன். கையால் எழுதினால்தான் செல்லும் என்றீர்கள். புரியாத இடத்தில் கேளுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

இதை என் அத்தானுக்காக எழுதுகிறேன். அக்காவின் கணவர். எங்களுக்குச் சட்டம் சொல்லித்தந்த வக்கீலம்மா, வகுப்புக் கட்டடத்தின் படிக்கட்டில் அடிபட்டு இறந்த வழக்கில் அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். கம்பியால் அடித்தவனும் உங்களிடம்தான் இருக்கிறான். யாரும் தன்னை ஏவவில்லை, தானாகவே செய்ததாக அவன் சொல்கிறானாம். அது உண்மைதான். தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அத்தான் சொல்கிறாராம். அது முழு உண்மை இல்லை. ஆனால் அவர் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் அவர் தலையில் விழ வேண்டும். வீட்டில் அக்கா சாப்பிடாமல் கிடக்கிறாள்.

என் வேலையிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

இணையத்தில் மக்கள் எழுதுவதைப் படித்துப் பார்த்து, இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் இடம் எங்களுடையது. உள்ளே இருப்பவர்கள் அதைச் சல்லடை என்போம். வாசலில் கைபேசியை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். பிறகு சாப்பாட்டு நேரம் வரை திரைதான். யாராவது புகார் செய்த பதிவு ஒவ்வொன்றாக வரும். விட வேண்டும், இல்லையென்றால் தூக்க வேண்டும். முன்னால் வந்தது என்ன, பின்னால் வரப்போவது என்ன என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஒவ்வொரு பதிவையும் தனியாகப் பார்த்து முடிவு செய்வதுதான் நியாயம் என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள்.

மிரட்டலைத் தூக்குவதற்கு ஒரு விதி உண்டு. இன்ன ஆளை, இன்ன இடத்தில், இன்னது செய்வோம் என்று மூன்றும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது கோபம், அல்லது கருத்து, அல்லது வெறும் வாய். விட்டுவிட வேண்டும்.

பக்கத்து நாற்காலி அக்கா நன்றாகப் பேசுவார். "ஊர் வாயை மூட உலைமூடி இல்லைம்பாங்க. நம்மகிட்ட ஒரு ஓட்டை மூடியைக் குடுத்து, சம்பளமும் குடுத்து, மூடுடான்னு உக்கார வச்சிருக்காங்க பாரு" என்பார். நான் சிரிப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெட்டுவேன், எரிப்பேன் என்று படித்த நாளெல்லாம் சோறு இறங்காது. பிறகு இறங்கியது. பிறகு, என்ன படித்தேன் என்பதே வெளியே வந்தால் நினைவில் இருக்காது. கை கழுவிய தண்ணீர் மாதிரி.

வக்கீலம்மாவைப் பற்றிய பதிவுகள் வரத் தொடங்கியது, அவர் அந்தக் கேலிப்படக்காரரை வெளியே கொண்டுவந்த பிறகு. கட்சித் தலைவரைக் கழுதையாக வரைந்ததற்காக உள்ளே போட்டிருந்தார்களே, அவர்தான். வக்கீலம்மா வாதாடி மீட்டார். அன்றிலிருந்து தலைவரின் ஆட்கள் அவரை விடவில்லை. ஒரு பதிவு எனக்கு வந்தது. 'இந்த நாக்கை வைத்துக்கொண்டு இவள் இன்னும் எத்தனை நாள் நடமாடுகிறாள் பார்ப்போம்' என்று இருந்தது. மேலே அவர் படம். தூக்கிவிட்டேன்.

எங்கள் முடிவுகளை மறுபடி சரிபார்க்கும் மேலாளர் ஒருவர் இருக்கிறார். தராசு என்று பெயர் வைத்திருக்கிறோம். என்னைக் கூப்பிட்டார்.

"இதுல இடம் எங்க இருக்கு?"

"இல்லை சார்."

"என்ன செய்வோம்னு சொல்லியிருக்கானா?"

"நேரா சொல்லலை. ஆனா படிச்சா பயமா இருக்கு சார்."

"உன் பயத்தை எல்லாம் விதியா எழுத முடியுமாப்பா? நாளைக்கு உனக்குப் பல்லியைப் பார்த்தா பயம்னு பல்லிப் படத்தைத் தூக்குவியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் முடிவு தவறு என்று பதிவானது. அந்தப் பதிவு மறுபடி இணையத்துக்குப் போய்விட்டது. எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. என் முடிவுகளில் எனக்கே எப்போதும் பாதி நம்பிக்கைதான். வாசலைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன் நான்.

அந்த வாரம் வகுப்பில் வக்கீலம்மாவே இதைப் பேசினார். எங்கள் வகுப்பு முழுக்க வேலை முடித்து வருகிறவர்கள். மருந்துக்கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வரும் ஒரு தாய், இப்படி. ஓட்டுநர் எழுந்து, "மேடம், உங்களை அசிங்க அசிங்கமா எழுதுறாங்களே, கேஸ் போடலாமில்ல?" என்று கேட்டார்.

"எதுக்குப் போடணும்? என்னை வெறுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்கும் சேர்த்துத்தானே நான் வாதாடினேன்? நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடாது."

"யாராவது நிஜமாவே கொளுத்திட்டா?"

"சொல்லுக்கும் செயலுக்கும் நடுவுல ஒரு மனுஷன் நிக்கிறான். அவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கு. அதை நான் நம்புறேன். எல்லாரையும் மண்ணெண்ணெய் டின்னாவே நினைச்சா எப்படி?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். தராசும் வக்கீலம்மாவும் ஒன்றையே சொல்கிறார்கள், படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள், நான் மட்டும் பயப்படுகிறேன். அப்படியானால் கோளாறு என்னிடம்தான். அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன். இதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அத்தான். அவருக்குத் திரைச்சீலைத் துணிக்கடை. மிச்ச நேரத்தில் தலைவருக்காக ஒரு பக்கம் நடத்துவார். பழகுவதற்குத் தங்கமான மனிதர். எனக்கு வகுப்புக்குப் பணம் கட்டியதே அவர்தான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது புலம்பினார்.

"மாப்ள, நம்ம பதிவை மட்டும் எப்படிடா மோப்பம் பிடிச்சுத் தூக்குறீங்க? சொந்த வீட்டுலயே எதிரியா?"

"நான் தூக்கலை அத்தான். விதி தூக்குது."

"அந்த மகாராசன் என்னதான் சொல்றான்?"

விளக்கினேன். விதி ஒன்றும் ரகசியம் இல்லை; தேடினால் யாருக்கும் கிடைக்கும். மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை ஆள் என்றேன். கரண்டியைச் செயல் என்றேன். உப்புக் கிண்ணத்தை இடம் என்றேன். மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் தட்டை எடுத்துவிடுவார்கள். வேறு வேறு தட்டில் இருந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

அத்தான் குவளையையும் கரண்டியையும் விலக்கி வைத்துப் பார்த்தார். "பாம்பும் சாகணும், தடியும் முறியக் கூடாது. அவ்வளவுதானே?"

"சாப்பிடுற இடத்துல என்ன பாம்புப் பேச்சு? கரண்டியைக் குடுங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா.

அதன் பிறகு அத்தான் வக்கீலம்மாவின் படத்தைப் போட்டு, 'இந்த முகம் மறந்துவிடக் கூடாது' என்று எழுதினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவருடைய கூட்டாளி தன் கணக்கில், 'துரோகியின் மண்டைக்கு இரும்புதான் மருந்து' என்று எழுதினார். அதில் பெயர் இல்லை. இரண்டின் மேலும் புகார் வந்தது. இரண்டும் என் திரைக்கே வந்தன. விட்டேன். தராசு சரிபார்த்துவிட்டு, "இப்பத்தான் தேறியிருக்க" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அத்தானின் பங்கு இங்கே முடிகிறது. வக்கீலம்மா எங்கே வகுப்பெடுக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. வாதாடுவது மட்டும்தான் அவர் தொழில் என்று நினைத்திருந்தார். என் வகுப்பாசிரியர் யார் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

படிக்கட்டுப் படத்தைப் போட்டவன் நான். அந்தக் கணக்கு யாருடையது என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். என்னுடையதுதான். அத்தானின் பதிவுக்குக் கீழேயே போட்டேன். வாசகம் இது: 'வேலை முடித்து வருகிறவர்கள் ஏறும் படிக்கட்டு. வக்கீலம்மா புண்ணியத்தில் மாலைதோறும் இங்கே சட்டம் படிக்கிறோம்.' கட்டடத்தின் பெயர்ப்பலகையும் படத்தில் விழுந்திருந்தது. அதில் வசை இல்லை, மிரட்டல் இல்லை. நன்றிதான் இருக்கிறது. அந்த நன்றியும் பொய் இல்லை.

ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். வக்கீலம்மாமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. தலைவர் ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு ஒன்றுதான். என் பயம் தவறு என்பதை நான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆள் ஓரிடத்தில், செயல் ஓரிடத்தில். இடமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தராசும் வக்கீலம்மாவும் சொன்னது சரி. அதற்குப் பிறகு நான் நிம்மதியாக வேலை செய்யலாம். ஒன்றும் நடக்காது என்று நம்பித்தான் போட்டேன். நடக்கும் என்று நம்பியிருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு மாலை வகுப்புக்குப் போனபோது படிக்கட்டின் அடியில் ஒரு ஆள் நின்றிருந்தான். சாயம் தெறித்த சட்டை. செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று கையில், முழங்கை நீளத்துக்கு. களைத்துப்போன முகம். என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டான்.

"தம்பி, வக்கீலம்மா கிளாஸ் இங்கதானே?"

"ஆமாண்ணே, மாடியில."

"எப்ப இறங்குவாங்க?"

"எல்லாரும் போனப்புறம்தான்."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒருவர் வழி கேட்பது குற்றம் இல்லை. செய்தித்தாளில் சுற்றி எதையாவது வைத்திருப்பதும் குற்றம் இல்லை. மேலே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

வகுப்பு முடிந்தது. வழக்கமாக ஓட்டுநரும் மருந்துக்கடைக்காரரும் வக்கீலம்மாவோடு பேசிக்கொண்டே இறங்கி, வாசலில் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டுத்தான் போவார்கள். அன்றும் காத்திருந்தார்கள். நான் எழுந்து, "மேடம், ஒரு சந்தேகம்" என்றேன். கொஞ்சம் நேரம் ஆகும் என்றும் சொன்னேன். "நீங்க கிளம்புங்கப்பா, இவன் சந்தேகம் கேட்டா விடியுறவரைக்கும் விட மாட்டான்" என்று வக்கீலம்மா அவர்களை அனுப்பிவிட்டார்.

அவர்கள் இறங்கிய சத்தம் அடங்கிய பிறகு கேட்டேன். ஒருவன் சொன்னது தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. இன்னொருவன் சொன்னதும் குற்றமில்லை. மூன்றாமவன் சொன்னதும் அப்படியே. சேர்ந்து ஒரு கேடு வந்தால் யார்மேல் வழக்கு?

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது.

"நல்ல கேள்விப்பா. சும்மா பேசினவன் மேல கேஸ் நிக்காது. ஆனா எதோட எது சேர்ந்தா பத்திக்கும்னு தெரிஞ்சே எடுத்து வச்சவன் ஒருத்தன் இருப்பான். அவனைத்தான் தேடணும்."

"எப்படித் தேடுறது மேடம்?"

"கஷ்டம்தான். நம்ம எல்லாரையும் விட அவன்தான் சட்டத்தை ஒழுங்காப் படிச்சிருப்பான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "சரி, பசி உயிர் போகுது. ஜன்னலைச் சாத்திட்டு வா. நான் மெதுவா இறங்குறேன், முழங்கால் வலி."

ஜன்னல்களைச் சாத்தினேன். கடைசி ஜன்னலின் கொக்கி துருப்பிடித்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். அதை அழுத்திக்கொண்டிருந்தபோது கீழே சத்தம் கேட்டது. முதலில் கதவு மோதியது என்று நினைத்தேன். பிறகு அவர் ஏதோ சொன்னார். வார்த்தை பிடிபடவில்லை. மறுபடி சத்தம். கொக்கி சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு இறங்கினேன். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டதும் நான்தான். அது உங்கள் பதிவுகளிலும் இருக்கும்.

நேற்று என்னிடம் கேட்டீர்கள், கீழே ஒரு ஆள் நிற்கிறான் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் கையில் என்ன இருந்தது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அவன் யாரையும் திட்டவில்லை. வெறும் பயத்தை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து களைத்து நிற்கும் ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் சொல்லி, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றால்? ஒரு பாவமும் அறியாதவனின் பெயரைக் கெடுத்தவன் ஆகியிருப்பேன். அந்தத் தவறை மட்டும் நான் செய்யவில்லை.