முன்னுக்குப் போகாத கார்

ஹேண்டில் திருப்பி அடித்தது. மக்கீனின் பெருவிரல் தோல் உரிந்து தொங்கியது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசிவிட்டு, இரும்பை மறுபடியும் காரின் மூக்கில் குத்திச் சுழற்றினான். க்ரக்... க்ரக்... அவ்வளவுதான். இஞ்சின் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

1954 மார்கழி. இரவு இரண்டரை மணி. ஒலுவிலைத் தாண்டி, களியோடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம். றோட்டின் இரு புறமும் தண்ணீர் நிறைந்த வயல். தவளைச் சத்தம். தூரத்தில் கடல். ஒரு வீட்டு விளக்குக்கூட இல்லை.

மக்கீன் கல்முனையில் வாடகைக் கார் ஓட்டியவன். நம் கூட்டாளி ஒருவனுக்குத் தாய்மாமன் முறை. அன்றிரவு அவனுடைய காரின் பின் சீட்டில் இருந்தது ஒரு ஜனாசா, பிரேதம்.

அவன் தங்கை சரீபாவின் மாப்பிள்ளை அச்சிமுகம்மது. முதல் நாள் இரவு வயல் காவல் குடிலில் படுத்துக் கிடந்தவனைப் பாம்பு தீண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று மக்கீன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். அச்சிமுகம்மதின் தம்பி ஜெமீல் கேட்கவில்லை. திருக்கோவிலில் விஷக்கடி வைத்தியத்துக்குப் பேர்போன கனகரெத்தினம் பரியாரியிடம், காக்கா என்று கூப்பிடும் தன் அண்ணனைக் கொண்டுபோய்க் கிடத்தினான். நடுச்சாமத்தில் மக்கீன் காரோடு போய் மூக்கில் கை வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. அந்த இடத்திலேயே பரியாரியைக் கள்ளன் என்று ஏசி, மச்சானைத் தூக்கிக் காரில் சாய்த்து வைத்துப் போர்த்தி, ஜெமீலையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். விடியற்கால சுபஹ் தொழுகைக்கு முன் ஆளை வீடு சேர்ப்பது, சரீபா முகம் பார்ப்பது, குளிப்பாட்டி அடக்குவது... அவன் மண்டையில் வேறொன்றும் இல்லை.

கார்தான் விடவில்லை.

மக்கீன் பற்றறியைப் பார்த்தான். விளக்கு வெள்ளையாய் எரிந்தது. பெற்றோல் குழாயைக் கழற்றி உறிஞ்சினான். வாய் நிறைய வந்தது, காறித் துப்பினான். பிளக்கைக் கழற்றி இரும்பில் பிடித்துக்கொண்டு ஜெமீலைச் சுழற்றச் சொன்னான். நீல நெருப்பு சடசடவென்று பாய்ந்தது. எல்லாம் சரி. எல்லாம் சரியாயிருந்தும் ஓடாத கார்... கார்க்காரனுக்கு அதைவிடக் கோபம் வேறு என்ன இருக்கிறது? பொனட்டை அறைந்து சாத்தினான்.

தள்ளிப் பார்த்தார்கள். இரண்டு ஆம்பிளைகளும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். கார் ஒரு முழம் போனது. நின்றது. பிறகு... மெல்ல அவர்கள் மேலேயே திரும்பி வந்தது. மேடு இல்லை. கல் இல்லை. முன்னாலிருந்து யாரோ எதிர்த்துத் தள்ளுவது மாதிரி.

சரி, பின்னுக்குத் தள்ளி ரிவேர்ஸில் கிளப்பிப் பார்ப்போம் என்று மக்கீன் ஏறிக் கியரைப் போட்டான். ஜெமீல் முன்னாலிருந்து கை வைத்ததுதான் தாமதம். இஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. பூனை மாதிரிச் சீராக ஓடியது. மக்கீன் சிரித்தே விட்டான். முதல் கியருக்கு மாற்றினான்.

செத்தது.

மறுபடி ரிவேர்ஸ். ஓடியது. முதல் கியர். செத்தது. மூன்றாவது தடவையும் அப்படியே.

ஜெமீல் கன்னத்தில் கை வைத்து நின்றான்.

"மச்சான்... இது பின்னுக்குத்தான் போகுது. காக்காவத் திருப்பிக் கொண்டு போவம். விஷம் மூச்ச ஒளிச்சி வைக்கும், பகல் வரைக்கும் வச்சிரிங்க எண்டு பரியாரி சொன்னாருதானே."

மக்கீனுக்குக் கண் சிவந்தது. கையில் இருந்த ஹேண்டிலை றோட்டில் எறிந்தான்.

"மௌத்தானவனுக்கு என்னடா வைத்தியம்? ஒரு பகல் முழுக்க அவன்ட புகையும் எண்ணெயும் பத்தாதா ஒனக்கு? மூக்கில கை வச்சிப் பாத்தவன் நான். அங்க என்ட தங்கச்சி வாசல்ல நிண்டு றோட்டப் பாத்துக்கிட்டிரிக்காள். வாய மூடிக்கிட்டுத் தள்ளு."

ஜெமீல் தள்ளவில்லை. டோர்ச்சை வாங்கிக் காருக்கு முன்னால் அடித்துக் காட்டினான்.

ஈர மண்ணில் இரண்டு கால் அடையாளம். காரைப் பார்த்தபடி. குதிகால் நாலு அங்குலம் புதைந்து, வழுக்கி, மறுபடி ஊன்றி... முழுப் பலத்தோடு எதையோ மறித்து நின்ற அடையாளம். வலக் காலில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. இடக் காலில் விரல் இல்லை. துணி சுற்றிக் கட்டிய கால்.

பின் சீட்டில் கிடந்தவனுக்குப் பாம்பு கடித்தது இடக் காலில். பரியாரி கட்டிய பச்சிலைக் கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

வேறு ஆளாயிருந்தால் அங்கேயே விழுந்திருப்பான். மக்கீனுக்குக் கோபம்தான் இன்னும் ஏறியது. செருப்புக் காலால் அந்த அடையாளங்களைத் தேய்த்து அழித்தான்.

"ஓம், மறி. மறிச்சிப் பாரு. ஒன்ன வீட்ட கொண்டு போகாம நான் விடமாட்டேன்."

விடியும் நேரம் நிந்தவூர்ப் பக்கம் போகிற வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. அதில் ஏற்றிக் கொண்டு போனார்கள். வழி நெடுக ஜெமீல் காக்காவின் காலைப் பிடித்தபடி வந்தான். சரீபா முகம் பார்த்தாள். கபன் துணி சுற்றினார்கள். பகல் லுஹர் தொழுகைக்கு முன் அடக்கியாயிற்று.

பின்னேரம் மக்கீன் காரை எடுக்கப் போனான். ஹேண்டிலை ஒரே ஒரு சுற்று. கிளம்பியது. கல்முனை வரைக்கும் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

அதை மக்கீன் எல்லாரிடமும் சொன்னான். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இருபது வருசம் கழித்து, கடைசி வருத்தத்தில் படுக்கையில் கிடந்தபோது, சரீபாவைக் கூப்பிட்டுச் சொன்னான்.

வைக்கோல் வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அது. ஜெமீல் பாலத்துக் கட்டுச் சுவரில் குந்தியிருந்தான். மக்கீன் டோர்ச்சோடு பின் கதவடிக்குப் போனான். பனிக்காற்றுக்குக் கண்ணாடி நாலும் ஏற்றி மூடியிருந்தது. போர்வை விலகி, மச்சானின் முகம் கண்ணாடியில் சாய்ந்து கிடந்தது. அந்த முகத்துக்கு நேரே மட்டும், உள்ளங்கையகலம், வெள்ளையாய் ஈரம் படிந்திருந்தது.

சாரன் தலைப்பால் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான்.

ஈரம் வெளியில் இல்லை. உள்பக்கம்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சுருங்கியது... பிறகு மெல்லப் பெரிதாகியது.