பழனியாண்டி பிடுங்கிய ஃபியூஸ்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தேயிலைக் கொழுந்துக் கொள்முதல் நிலைய உரிமையாளர் லோயிஸ் அவர்களே, மேடையில் இருக்கும் மன்றத்துப் பெரியவர்களே, அரைநாள் வேலையை விட்டு வந்து அமர்ந்திருக்கும் சேரங்கோட்டுத் தோட்டத் தோழர்களே, முன்வரிசையில் மகன் பழனியாண்டியின் படத்தைப் பார்த்தபடி இருக்கும் தெய்வம்மா அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் பெயர் நௌமான். ஊட்டி பஜார்க்காரன். உங்கள் பழனியாண்டியோடு ஒன்பது வருடம் ஒரே குழுவில் வேலை பார்த்தவன். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மணி நாலு இருபது. எங்கள் நிறுவனத்தின் புதிய கெர்னல் ஐந்து மணிக்கு ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கிக் கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது. அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் பழனியாண்டி. கேட்காமல் விட்டவன் நான்.

பொறியாளர் பழனியாண்டி என்ன வேலை பார்த்தார்? கம்ப்யூட்டருக்குள் எந்தப் புரோகிராமுக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். அதைத்தான் அவர் எழுதினார். சாதாரண நினைவகம் கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் கெர்னல் ஒரு ஃபைலின் நகலை அங்கே வைத்துக்கொண்டு, பிறகு ஆற அமர டிஸ்கில் எழுதும். இப்போது கரண்ட் போனாலும் மறக்காத நினைவகம் வந்திருக்கிறது. அதில் நகல் தேவையில்லை. ஃபைலின் பக்கத்தையே புரோகிராமின் கையில் நேராகக் கொடுத்துவிடலாம். அதன்பின் புரோகிராம் எழுதுவது கெர்னலுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அங்கேதான் ஆபத்து. புதுப் பக்கத்தில் முதல் எழுத்து விழும்போது மட்டும் கெர்னல் குறுக்கே வரும். இந்தப் பக்கம் இந்த ஃபைலுக்குச் சொந்தம் என்று பதிவேட்டில் அழியாமல் எழுதிவிட்டு, அதற்கப்புறம்தான் அனுமதி கொடுக்க வேண்டும். எங்கள் குழு வேகத்துக்காக வரிசையை மாற்றியது. அனுமதி முதலில், பதிவு பிறகு. இடையில் இருப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சின்னப் பங்கு. அந்த நேரத்தில் கரண்ட் போனால்? எழுதியது நினைவகத்தில் பத்திரமாக இருக்கும், ஆனால் எந்த ஃபைலும் அதைத் தன்னுடையது என்று சொல்லாது. தேடினால் கிடைக்காது. அதைச் சோதித்து, சரி என்று பெயர் போட்டவன் யார்? நான்தான்.

பழனியாண்டி ஒருவர்தான் ஒப்பவில்லை. கொழுந்து எடை போடும் கொட்டகையின் பின்னறையை லோயிஸ் அவர்கள் அவருக்குக் கொடுத்திருந்தார். அங்கே அந்த நினைவகம் பொருத்திய மெஷின் ஒன்று. அதில் புரோகிராமை ஓடவிட்டு, சுவரில் இருக்கும் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்குவார். மறுபடி மாட்டுவார். எழுதியது இருக்கிறதா என்று பார்ப்பார். மறுபடி பிடுங்குவார். மழைக்காலத்தில் அவருக்குப் பாதி வேலையை மழையே பார்த்துவிடும். கரண்ட் போனால் ஊரே சலித்துக்கொள்ளும். இவர் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவார். நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். எங்கள் குழுவில் அவருக்கு 'ஃபியூஸ் பிடுங்கி' என்று பேர் வைத்ததே நான்தான்.

ஏப்ரலில் போன் செய்தார். இரண்டு தடவை பதிவு காணாமல் போனது என்றார். கோயம்புத்தூர் லேபில் நானூறு தடவை கரண்டை நிறுத்திப் பார்த்தாயிற்று, ஒன்றும் போகவில்லை, முதலில் உங்கள் கொட்டகை வயரிங்கைப் பாருங்கள் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க நௌமான், உங்க லேப்ல கரண்ட்டு நெசமாவே போகுதுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டேன். பிறகு மூன்று மெயில் எழுதினார். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன் அவர் இதயம் நின்றுவிட்டது. நாற்பத்து மூன்று வயது. இது போகிற வயதா?

முந்தாநாள் அந்த மெஷினை எடுத்துப் போகத்தான் வந்தேன். எடுக்க மனம் வரவில்லை. நானே நின்று ஃபியூஸைப் பிடுங்கினேன். முப்பத்தேழாவது தடவை பதிவைக் காணோம். நேராகக் கோவை லேபுக்குப் போனேன். என்ன கண்டேன் தெரியுமா? நாங்கள் கரண்டை நிறுத்தியது யு.பி.எஸ்.ஸுக்கு முன்னால். யு.பி.எஸ். தன் பேட்டரியிலிருந்து கரண்டைக் கொடுத்துக்கொண்டே மெஷினுக்குத் தகவல் சொல்கிறது. மெஷின் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி முடித்துவிட்டு, சாவகாசமாக அணைகிறது. நானூறு தடவையும் அப்படித்தான். எங்கள் லேபில் ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை, தோழர்களே!

இன்று காலை மேலதிகாரியிடம் சொன்னேன். இரங்கல் கூட்டத்தில் நல்லபடியாகப் பேசிவிட்டு வா, மற்றதை அடுத்த வெளியீட்டில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது நிறுத்தினால் உன் வேலை இருக்காது என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள். என்ன செய்வதென்று தெரியாமல் தெய்வம்மா அம்மாவிடம் போய் அழுதேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பதிவேட்டை இன்றைக்கும் இடாப்பு என்றுதான் சொல்வார். எனக்குத் தெரிந்த மட்டும் பிழையை விளக்கினேன். அவர் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நாங்க அங்கனதான் இருந்தோம், கொழுந்து எடுத்தோம். ஆனா ஒரு இடாப்புலயும் எங்க பேரு இல்ல. ஆளு இருந்து என்னா தம்பி, பேரு இல்லாட்டி?"

பழனியாண்டிக்கு நான் மாலை போட்டால் போதுமா? படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றால் போதுமா? இந்த மன்றத்தில் சிக்னல் கிடைப்பது இந்த ஜன்னலோரம்தான். அதற்காகத்தான் மைக்கை இங்கே இழுத்து வந்தேன். எங்கள் குழு முழுவதுக்கும் அனுப்ப எழுதி வைத்திருப்பதை வாசிக்கிறேன்; சரிபார்த்தவர் பெயர் இல்லாமல் எந்த வெளியீடும் போகாது. 'சரிபார்த்தவர் என்ற இடத்திலிருந்து நௌமான் என்ற பெயரை நீக்கவும். வெளியீட்டை நிறுத்தவும். பிழையைக் கண்டுபிடித்தவர்: பழனியாண்டி, சேரங்கோடு.' கெர்னலில் யார் என்ன செய்தார் என்று காக்கும் வரலாற்றுப் பதிவில் இந்த வரி ஏறும். அந்தக் கெர்னல் ஓடுகிற காலம் வரை அது அங்கே இருக்கும்.

மணி நாலு முப்பத்தெட்டு. அனுப்புகிறேன். கொஞ்சம் பொறுங்கள், சுற்றிக்கொண்டே இருக்கிறது. மழை வேறு வருகிறது.

போய்விட்டது.

லோயிஸ் அவர்களே, கொட்டகைச் சாவி எனக்கு வேண்டும். அங்கே நாளையிலிருந்து ஃபியூஸ் பிடுங்குகிறவன் நான். தெய்வம்மா அம்மா, இடாப்பில் உங்கள் மகன் பேரை எழுதியாயிற்று.