குரல் கேட்டாலும் திறக்காதே

இரவு பதினொன்றே முக்கால். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். மழை விட்டு மூடுபனி இறங்கிவிட்டது. ஒரே ஒரு ஆட்டோ மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. பின் சீட்டில் ஆள் இல்லை. ஒரு சாக்குப் பை மட்டும்...

பைக்குள் செத்த கோழி. காயம் இல்லை. நோயும் இல்லை. ஆனால் கொண்டை, உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடச் சிவப்பு. செத்த கோழியின் கொண்டை கறுத்துத்தானே போகும்? ஓட்டுகிறவருக்கு அதுதான் புரியவில்லை.

"மச்சான், இப்பத்தானேடா கோழியச் சுட்டுத் தின்னோம்!" என்றான் ஷுக்ரி. "வயித்துக்குள்ள கூவப் போகுது."

விதுஷா அவனைத் தலையணையால் அடித்தாள். "சும்மா இரு ஷுக்ரி. நீங்க சொல்லுங்கண்ணே."

நாங்கள் நால்வரும் பதுளையில் ஒரே கந்தோரில் வேலை செய்கிறவர்கள். விடுமுறைக்கு எல்லவில் ஓர் அறை எடுத்திருந்தோம். மழையில் கரண்ட் போய்விட்டது. ஒரு மெழுகுவர்த்தி. கட்டிலில் விதுஷாவும் அவள் கணவன் துஷாந்தும் ஒரே போர்வைக்குள். ஷுக்ரி தரையில். நான் கதவோரம் நாற்காலியில்.

சொன்னேன்.

அந்த ஆட்டோக்காரர் பெயர் சின்னராசா. என் கூட்டாளி அஜந்தனின் அக்கா தயானியைக் கட்டியவர். தயானிக்குப் பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான். தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தீட்டுக் கழியும்வரை தாயும் பிள்ளையும் லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறைக்குள்தான். பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திவிட வேண்டும், காத்துக் கருப்பு அண்டக்கூடாது. குளிருக்கும் சாம்பிராணிக்கும் ஒரு சட்டி நிறையத் தணல். துணைக்கு மாமியார் பெரியாயி. மரநாய்க்குப் பயந்து கோழியையும் அதே அறையில் கூடை போட்டுக் கவிழ்த்து வைப்பார்கள். புருஷன் மட்டும் உள்ளே படுக்கக்கூடாது. சின்னராசா இஸ்தோப்பில், வாசலுக்கு முன்னால் இருக்கிற அந்தத் திறந்த இடத்தில், பாய் விரித்துப் படுத்தார்.

அந்த அறையில்தான் பல வருஷங்களுக்கு முன்னால் கருப்பம்மா செத்தாள். அவளும் பிள்ளை பெற்றவள்தான். காலையில் கதவை உடைத்துப் பார்த்தபோது தாயும் பிள்ளையும் தூங்குவது போலக் கிடந்தார்களாம். காய்ச்சல் இல்லை. காயம் இல்லை. கன்னம் மட்டும்... செக்கச் செவேலென்று. பிணத்துக்கு ஏது சிவப்பு? அவள் உயிர் முழுசாகப் போகவில்லை, அந்த அறைக்குள்ளேயே சுற்றுகிறது என்று லயமே நம்பியது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குளிர் கூடியது. பெரியாயி தணலைக் கூட்டினாள். அன்றிரவு தயானிக்குத் தலை கனத்தது. காதுக்குள் யாரோ தட்டினார்கள். டொக்... டொக்... டொக். நெஞ்சின் மேல் ஒருத்தி ஏறி உட்கார்ந்தாள். முகம் இல்லை. ஈரத் தலைமயிர் மட்டும். தயானி கத்தப் பார்த்தாள், குரல் வரவில்லை. பெரியாயிக்கும் அதே தட்டல் கேட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்க் கதவைத் திறந்தாள். குளிர்காற்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் மேல் இருந்தவள் இல்லை.

"பாத்தியா, கதவத் திறந்ததும் ஓடிட்டா" என்றாள் பெரியாயி.

வெளியில் படுத்திருந்த சின்னராசாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஆம்பிளைக்கிட்ட அவள் வர மாட்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு பேருக்கு வந்தது, ஒருவருக்கு வரவில்லை. வராதவர் எங்கே படுத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் ஆணா பெண்ணா என்றுதான் பார்த்தார்கள். கதை அங்கேயே தவறான பாதையில் திரும்பிவிட்டது.

வெளியே மழை மறுபடி பிடித்தது. "அடுப்பு நனையுதுடா" என்று ஷுக்ரி எழுந்து போனான். நாங்கள் கோழி சுட்ட கரி அடுப்பு வராந்தாவில் இருந்தது. திரும்பி வந்து கதவைச் சாத்தினான். ஜன்னலையும் சாத்தினான். இருட்டில் கட்டிலுக்குப் பின்னால் ஏதோ தரையில் உரசியது. நான் கதையில் இருந்தேன்.

மறுநாள் குறி சொல்லும் கோடாங்கியை அழைத்து வந்தார்கள். உடுக்கை அடித்துக் கண்ணை மூடிச் சொன்னார். கருப்பம்மா கதவால் போகிறாள், ஜன்னல் இடுக்கால் திரும்பி வருகிறாள். ஜன்னலுக்கு வெளியில் பொலித்தீன் வைத்து ஆணி அடியுங்கள். கதவடியில் துணியை அடையுங்கள். தணல் இன்னும் வேண்டும். விடியும்வரை சாம்பிராணி புகைய வேண்டும்.

எல்லாம் செய்தார்கள். அன்றிரவுதான் கோழி செத்தது.

"புள்ளைக்கு வந்தவ கோழியோட போயிருக்கா" என்றார் கோடாங்கி. "இன்னைக்கு ராத்திரி மறுபடி வருவா. கோழியத் தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கம் வீசிட்டு, திரும்பிப் பாக்காம வரணும். உள்ள இருக்கிறவங்க விடியும்வரைக்கும் கதவத் திறக்கப்படாது. அவ சின்னராசாவோட குரல்லயே கூப்பிடுவா. குரல் கேட்டாலும் திறக்காத."

துஷாந்த் நெற்றியைத் தடவிக்கொண்டான். விதுஷா அவன் தோளில் சாய்ந்தாள். "பயத்துல தலையெல்லாம் கனக்குது, அண்ணே" என்றாள். கதை நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லைப் பாலத்தில் சின்னராசா ஆட்டோவை நிறுத்தினார். சாக்கை எடுத்தார். வீசியிருக்கலாம்... வீசவில்லை. முன் விளக்கு வெளிச்சத்தில் கோழியை இன்னொரு தடவை வெளியே எடுத்துப் பார்த்தார். அந்தச் சிவப்புக் கொண்டை. கருப்பம்மாவின் கன்னமும் இப்படித்தான் இருந்ததாமே? பேய் கருப்பம்மா என்றால், கருப்பம்மாவைக் கொன்றது யார்?

ஆட்டோ எஞ்சின் அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்... பக்... பக். அப்போதுதான் முன்பு வேலை பழகிய பண்டாரவளை வாகனப் பட்டறை ஞாபகம் வந்தது. ஒரு மழை நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே எஞ்சினை ஓட விட்டிருந்தார். தலை கனத்தது. காதுக்குள் டொக், டொக். பட்டறைக்காரர் ஓடி வந்து ஷட்டரைத் தூக்கி, அவரை வெளியே இழுத்துப் போட்டுத் திட்டித் தீர்த்தார். வெளிக்காற்றில் எல்லாம் சரியாகிவிட்டது. அன்றைக்கும் திறந்ததும்தான் போனது.

அங்கே எஞ்சின். இங்கே தணல். இரண்டும் மூடிய இடம். கதவு திறந்தபோது யாரும் வெளியே ஓடவில்லை. காற்று உள்ளே வந்தது, அவ்வளவுதான். அப்படியென்றால் பேயை அடைக்க அடித்த ஒவ்வொரு ஆணியும்...

போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. அவர் குரலையே நம்பக்கூடாது என்றால் எப்படி எடுப்பார்கள்?

ஆட்டோவைத் திருப்பினார். அந்த வளைவுகளில் எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது என்று இன்றைக்கும் சொல்கிறார்.

"தயானி! கதவத் திற! தணல வெளிய எடு!"

உள்ளே குழறிய குரல். "அத்தை... அவரு மாதிரியே பேசுது..."

"நான்தாண்டி! சத்தியமா நான்தான்!"

"வாயத் திறக்காத" என்றாள் பெரியாயி. "அப்பிடித்தான் சொல்லும்னு சொன்னாருல்ல."

"அம்மா, நான் ஒங்க மகன்! சட்டியில தண்ணிய ஊத்துங்க! ஜன்னலத் திறங்க!"

"தணலுக்குப் பயப்படுது பாத்தியா... இன்னும் ரெண்டு கரியப் போடு."

அவர் என்ன சொன்னாலும் அது அவர் பேய் என்பதற்கே சாட்சி. அழுதார், பேய் அழுகிறது. சத்தியம் செய்தார், பேய் சத்தியம் செய்கிறது. எந்தப் பதிலாலும் உடைக்க முடியாதபடி ஒரு நம்பிக்கையைக் கட்டிவிட்டால், அதற்குள் இருப்பவருக்கும் வெளியே வர வழி இல்லை.

"புள்ளய ஒரு தடவ அழ விடு, தயானி. சத்தம் மட்டும் கேட்டா போதும்."

பிள்ளை அழவில்லை. பிறகு தயானியும் பேசவில்லை. பிறகு பெரியாயியும்...

கதவை முட்டிப் பார்த்தார். அசையவில்லை. பக்கத்து அறைகளிலும் அதே பயத்தில் யாரும் கதவைத் திறக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் ஓடி, ஜன்னல் பொலித்தீனைப் பிடித்து இழுத்தார். ஆணிகளோடு பிய்ந்து வந்தது. பலகையை உடைத்துக் கையை உள்ளே விட்டார். பிறகு ஏறிக் குதித்து உள்ளிருந்து கதவைத் திறந்தார்.

பதுளை ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஒக்சிஜன் வைத்தார்கள். மூவரும் பிழைத்தார்கள்.

"அப்ப பேய் இல்லியா?" என்றான் ஷுக்ரி. குரல் தூக்கக் கலக்கமாக இருந்தது.

டொக்டர் சொன்னதைச் சொல்கிறேன். கரி எரியும்போது ஒரு வாயு வரும். மணம் இல்லை, நிறம் இல்லை, தணலில் புகையே இல்லாவிட்டாலும் வரும். ரத்தம் காற்றைவிட அதைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் ரத்தம் இன்னும் சிவக்கும். மூளைக்குக் காற்றுப் போதாமல் தலை கனக்கும், நெஞ்சு அடைக்கும், இல்லாதது தெரியும். காதில் கேட்கிற தட்டல் சொந்த இதயம்தான். பறவைக்கு அது சீக்கிரம் ஏறும். அதுதான் கோழி முதலில் போனது. கருப்பம்மா பேயாக வந்து யாரையும் கொல்லவில்லை. அவளைக் கொன்றதும் ஒரு சட்டித் தணல்தான்.

பெரியாயி இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஜன்னலால் வந்த கை கருப்பம்மாவுடையது, ஈரமாக, சில்லென்று இருந்தது என்கிறாள். இப்போது தினமும் ஜன்னலைத் திறந்தே வைக்கிறாள். "வந்து போகட்டும், பாவம்" என்கிறாள். அவள் சொல்கிற காரணம் தப்பு. ஆனால் ஜன்னல் திறந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. சின்னராசா டொக்டருக்கும் எனக்கும் மட்டும் சொன்னது. அவர் ஓடிப் போய்ப் பார்த்தபோது பொலித்தீனின் ஒரு மூலை ஏற்கெனவே பிய்ந்திருந்ததாம். வெளிப்பக்கமாக. கீழே ஈரமண்ணில் அந்த ஆணி கிடந்தது. அந்த இடைவெளியால் போன கொஞ்சக் காற்றுதான் அவர் வரும்வரை மூவரையும் வைத்திருந்தது என்று டொக்டர் சொன்னாராம்.

மெழுகுவர்த்தி அசையாமல் எரிந்தது.

"அண்ணே..." என்றான் துஷாந்த் மெதுவாக. "யாரோ கதவத் தட்டுறாங்க."

"எனக்கும் கேக்குது" என்றாள் விதுஷா.

நான் கதவோரத்தில்தான் இருந்தேன். கதவை யாரும் தட்டவில்லை. ஆனாலும் கேட்டது. டொக்... டொக்... டொக். என் காதுக்குள்.

"ஷுக்ரி, அடுப்ப எங்க வச்ச?"

பதில் இல்லை. எழுந்தேன், கால் தடுமாறியது. கட்டிலுக்குப் பின்னால், சுவரோரம், சிவப்பாக ஒரு வட்டம்.

கதவை அகலத் திறந்தேன். ஜன்னலைத் திறந்தேன். ஷுக்ரியின் சட்டையைப் பிடித்து மழைக்குள் இழுத்துப் போட்டேன். மற்ற இருவரையும் கத்தி வெளியே வரவைத்தேன். கடைசியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைத் தூக்கி வந்தேன். அப்போது ஷுக்ரி இருமிக் கண்ணைத் திறந்தான்.

மூடிய அறைக்குள் தணல் வைக்கக்கூடாது. தலை கனத்தால், காதுக்குள் தட்டல் கேட்டால், யார் தட்டுகிறார்கள் என்று யோசிக்காமல் முதலில் கதவைத் திறந்து வெளியே வந்துவிட வேண்டும்.