கழுத்து இறுக்கும் போஞ்சோ

பொன்முடி பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும் தங்கையும். அக்கா குரோஷா ஊசியால் சிவப்புக் கம்பளி நூலில், தலைவழியே மாட்டும் போஞ்சோ பின்னிக்கொண்டிருந்தாள்.

"பழசு என் மோளுக்குக் கழுத்து இறுக்குது, கேட்டியா. இது பெருசா போடறேன்."

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அவ காய்ச்சல்ல போயி ஆறு வருஷம் ஆச்சு."

"எனக்குத் தெரியாதா? நான்தானே குளிப்பாட்டி அனுப்பினேன். ரெண்டு துண்டு பின்னி, தலைக்கு வழி விட்டு மூட்டினா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். எளுப்பம்."

"பழசைக் குழிமேல விரிச்சிட்டுத்தானே வந்தே?"

"ஆமா. அடுத்த மாசம் போனா மடக்கி வச்சிருக்கு. கழுத்துத் தையல் விட்டிருக்கு."

"யாராவது எடுத்துப் பார்த்திருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். தைச்சு விரிச்சேன். மறுமாசமும் அதே இடத்துல விட்டிருக்கு. உள்பக்கம் நீளமா ஒரு முடி."

"இன்னியோட குழிக்குப் போறது நிக்கட்டும்னு சொல்லத்தான் நான் கூட வந்தேன் அக்கா."

அக்கா அடுத்த வரிசையைப் பின்னத் தொடங்கினாள். கொண்டை ஊசி வளைவில் பனி உள்ளே வந்தது. தங்கை ஜன்னலை மூடினாள். நெடுநேரம் கழித்து நூல் உருண்டையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நீளம் வேணும்?"

அக்கா தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். "இப்போ இதுவரைக்கும் வருவா."