எட்டாவது பின்

இரவு ஒன்றே முக்கால். ஹெப்பாள் தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலை. கம்பெனி பஸ் இறக்கிவிட்டுப் போய்விட்டது... ஒரு நாய்கூட இல்லை. என் நண்பன் குமாரின் மைத்துனன் மதன் தனியாக நடந்து வருகிறான். பையில் போன் அதிர்ந்தது.

'எட்டு: அழுத்தப்பட்டது.'

அந்தப் பெட்டியில் எட்டாவது பொத்தானே கிடையாது.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விளங்கும். மதனின் அம்மா அஞ்சலைக்குப் பக்கவாதம். பேச்சு குழறிவிட்டது, இடது கை மட்டும் அசையும். அவளுக்காக ஒரு சின்ன போர்டில் பொத்தான்கள் வைத்தான். தண்ணீர், ஃபேன், வலி என்று தனித்தனியாக. அழுத்தினால் அவனுக்கும் மனைவி ஸ்வாதிக்கும் போனில் செய்தி வரும். நாலு பொத்தானோடு போர்டில் பின், அதாவது ஒயர் மாட்டும் கால், தீர்ந்துவிட்டது. அதனால் ஓர் ஐசி, ஒரு குட்டி சிப், வாங்கினான். அழகான சாமான் அது! போர்டோடு இரண்டே ஒயரில் பேசும். பதிலுக்கு எட்டு பின் தரும். போர்டு அதன் முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டால், எட்டின் நிலையையும் வரிசையாக ஒப்பிக்கும். சும்மா இருந்தால் ஒன்று, அழுத்தினால் பூஜ்யம். எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, ஏழு பொத்தான் கட்டினான். எட்டாவது பின் வெறுமனே இருந்தது.

அம்மா செத்து இருபது நாள். பெட்டியைக் கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

மதன் பயப்படவில்லை. எதிலும் கட்டாத பின் அந்தரத்தில் தொங்கும். சுற்றியுள்ள மின் இரைச்சலையெல்லாம் ஏரியல் போல வாங்கி, ஒன்று, பூஜ்யம் என்று உளறும். ஒரு ரெசிஸ்டரால் மின்சாரத்தோடு கட்டிப்போட்டால் ஒன்றிலேயே நிற்கும். கட்டிப்போட்டான். அறையெல்லாம் சால்டரிங் புகை... அதற்கடியில், திரிந்த பாலின் வாடை.

மறுநாள் ஒன்றே முக்கால். 'எட்டு: அழுத்தப்பட்டது.'

ஐசியையே மாற்றினான். அடுத்த இரவும் அதே செய்தி வந்தது.

அதற்கும் மறுநாள் லீவு போட்டு, பெட்டியைக் கூடத்துக்கு எடுத்து வந்து, மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றே முக்காலுக்கு ஒரு நிமிடம் முன்னால் ஒயரைப் பிடுங்கினான். பெட்டியின் விளக்கு அணைந்தது. உள் அறையில், அம்மாவின் கட்டில் பக்கம்... 'டிக்'. பொத்தான் அழுந்தும் சத்தம். போன் அதிர்ந்தது.

மாதச் சடங்குக்கு அம்மாவின் தங்கை பூவாத்தாள் ஹனூரிலிருந்து வந்தாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழாவது பொத்தானில் மட்டும் வண்ணம் தேய்ந்திருந்தது.

"இது எதுக்கு கண்ணு?"

"அது பாலு சின்னம்மா. அம்மா எப்பப் பாத்தாலும் 'ஆலு... ஆலு'ன்னு கேப்பாங்க. இந்த ஊரு கன்னடத்துல ஹாலுன்னா பாலுதானே? அதான் கடைசியா அதுக்கும் ஒண்ணு வெச்சேன். அதையேதான் அமுக்குவாங்க. ஆனா கொண்டு போனா வாயத் தொறக்கவே மாட்டாங்க."

"பாலா?" பூவாத்தாள் முகத்தைச் சுளித்தாள். "எங்கக்காளுக்குப் பால் வாடையே ஆகாது. பெத்த மவனுக்கு இதுகூடத் தெரியாதா? உன்ற கன்னடத்தைக் கொண்டு போய்க் குப்பையில போடு. அவ கேட்டது ஆளுடா. பக்கத்துல உக்கார ஒரு ஆளு."

அம்மாவின் கடைசி ராத்திரி, அந்தப் பொத்தான் பதினேழு தடவை அழுந்தியதை மதன் வீடு திரும்பும் பஸ்ஸில் பார்த்திருந்தான். ஸ்வாதி முதல் தடவை டம்ளரை வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். பால்தானே, காலையில் குடிக்கட்டும் என்று அவனும் போனைப் பையில் போட்டுக்கொண்டான். பதினேழாவது செய்தி வந்தபோது மணி ஒன்றே முக்கால்.

அன்று இரவு அவன் பெட்டியைத் தொடவில்லை. காலிக் கட்டிலருகே தரையில் போய் உட்கார்ந்தான். 'டிக்'. போன் அதிர்ந்தது. அவன் நகரவில்லை. இன்னொரு தரம் அதிர்ந்தது.

'எட்டு: விடப்பட்டது.'

ஒரு நாள் அவனுக்குப் பதில் ஸ்வாதி உட்கார்ந்து பார்த்தாள். விடியும்வரை அந்த 'டிக்' நிற்கவில்லை.

மதன் இப்போது பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டான். ரெசிஸ்டர் வேண்டாம், புது ஐசி வேண்டாம். ஒன்றே முக்காலுக்கு அவன் வந்து உட்கார்ந்தால், எட்டாவது பின் ஒன்றாகிவிடும்.