கடைசி வரியை எழுதாத அமீனா, தோன் அபுந்தியோ குவாமாட்சி அவர்களுக்கு

தீர்ப்பின் சொல்லைத் தோல்பையில் சுமந்து, திறவாத கதவுகளைத் தட்டித் திறந்த தகைமையாளரே! அபிசாகோ தொழிலாளர் நீதிமன்றத்தின் ஆணைகளை நிறைவேற்றும் அயராத அமீனாவே! முப்பத்தோர் ஆண்டுகளில் மூன்று நாய்க்கடியும் ஒரு முழங்கால் முறிவும் கண்டும் முகம் சுளிக்காத முதல்வரே! பெருமைக்குரிய தோன் அபுந்தியோ குவாமாட்சி அவர்களே!

தங்கள் ஓய்வு விழா மடலில் இதுவரை எழுதியதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. இதற்கு மேல் என்ன எழுதுவது என்பதில்தான் நான்கு நாட்களாக அலுவலகமே தலையைப் பிய்த்துக்கொள்கிறது.

நிறைவேற்றப்பட்ட ஆணைகளை எழுதிவைக்கும் நம் சுவர்ப்பலகையில் தங்கள் பெயரே என்றும் முதலில் நிற்கும். அதைப் பாடிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தோம். பார்த்தால், தோமாசா மெனேசெஸ் என்ற ஒரே தொழிலாளியின் பெயர் அங்கே மூன்று முறை இருக்கிறது. ஒருவரை ஒரே வேலையில் மூன்று முறை எப்படி அமர்த்துவது?

தையல் ஆலையில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் தோமாசா, தொழிலாளர்கள் தாங்களே வாக்களித்துச் சங்கம் அமைக்கக் கையொப்பம் திரட்டினார், வேலை போயிற்று. சங்கம் சேர்வது மனிதரின் அடிப்படை உரிமை என்று கடல் கடந்த நாடுகளின் நீதிமன்றங்கள் சொன்னதையெல்லாம் எடுத்துக்காட்டி, அவரை மீண்டும் வேலையில் அமர்த்தும்படி நம் நீதிபதி நாற்பது பக்கம் தீர்ப்பெழுதினார். தாங்கள் தோமாசாவை ஆலைக்கு அழைத்துப் போனீர்கள். ஆணையைப் படித்தீர்கள். மேலாளர் பாரியெந்தோஸ் சிரித்த முகத்தோடு கையெழுத்திட்டார். தோமாசா மிஷின் முன் அமர்ந்ததும், ‘நிறைவேற்றப்பட்டது’ என்று நடவடிக்கைக் குறிப்பின் கடைசி வரியை எழுதிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தீர்கள். பேருந்து வருமுன்னே தோமாசா வந்து சேர்ந்தார்.

“என்னம்மா, சாப்பாட்டு நேரமா?”

“இல்லீங்க. நீங்க கேட்டைத் தாண்டினதும் மறுபடி அனுப்பிட்டாங்க.”

உள்ளே அமர்த்திக் காட்டி, அமீனா முதுகு மறைந்ததும் வெளியே தள்ளுவது இந்த ஊர் முதலாளிகளுக்குக் கைவந்த கலை. இரண்டாம் நீக்கத்துக்கு இரண்டாம் வழக்கு, மூன்றாவதற்கு மூன்றாவது. மூன்றாம் முறை அதே நிறுத்தத்தில் தோமாசா கேட்டதைத் தாங்களே எங்களிடம் சொன்னீர்கள்:

“உங்க நோட்டுல நான் வேலையில இருக்கேன். அந்த நோட்டைக் காட்டினா கடையில மாவு தருவாங்களாய்யா?”

நாங்களோ அன்று மாலை பலகையில் மூன்றாவது முறையாக அந்தப் பெயரை எழுதிக் கைதட்டினோம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் ஆணையோடு இந்தத் திங்களன்று போனீர்கள். படித்தீர்கள், தோமாசா அமர்ந்தார். தாங்களும் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் அமர்ந்துவிட்டீர்கள்! அதற்குப் பின் நடந்ததைத் தோமாசா சொல்லச் சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

“அதான் முடிஞ்சிடுச்சே, கெளம்புங்க பெரியவரே” என்றாராம் பாரியெந்தோஸ்.

“கடைசி வரி இன்னும் எழுதலைங்க. இந்தம்மா வேலை செய்யறாங்களான்னு பாத்துட்டிருக்கேன்.”

“எவ்வளவு நேரம் பாப்பீங்க?”

“எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். நேரமாகும்.”

மாலை ஐந்துக்கு, ‘நாளை காலை ஏழு மணிக்குத் தொடரும்’ என்று எழுதி எழுந்தீர்கள். செவ்வாய், புதன், இன்று வியாழன், அதே நாற்காலி. குறிப்பு முடியாதவரை அமீனா கண்ணெதிரே தோமாசாவை நீக்க அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

எங்கள் குழப்பம் இங்கேதான் தொடங்கியது. இது கடமையா, கடமை மீறலா? ஆவணக் காப்பாளர் ரோசெந்தோ தலையில் கைவைத்துக்கொண்டு, “இவருக்கு மடல் வாசிக்கிறதா, மெமோ குடுக்கிறதா?” என்றார். நீதிபதி தங்களைத் தொலைபேசியில் அழைத்தார்.

“சட்டத்துல இது எங்க இருக்கு, தோன் அபுந்தியோ?”

“கூடாதுன்னு எங்க இருக்குங்கம்மா? தேடிப் பாருங்க, நான் இங்கதான் இருப்பேன்.”

மூன்று நாள் தேடினார். எந்தெந்த நாட்டுத் தீர்ப்புகளையோ புரட்டிக் கண் சிவக்க வெளியே வந்து சொன்னார்: “உரிமை இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நாற்காலியப் பத்தி ஒருத்தரும் சொல்லல.”

இன்றோடு தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். முடியாத குறிப்பைப் பையில் வைத்துக்கொண்டே விழாவுக்கு வந்திருக்கிறீர்கள். வேலைக்கான மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மூன்றாம் வரிசையில் தோமாசா இருக்கிறார். நாளை காலை ஏழு மணிக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தால் என்ன நடக்கும்? அந்த ஒன்றில் மட்டும் எங்களில் யாருக்கும் குழப்பமில்லை.

ஆகவே, அஞ்சாமல் அமர்ந்த அண்ணலே, அந்தத் தோல்பையை இந்த மேசைமேல் வைத்துவிடுங்கள். தங்கள் முழங்கால் நோகாதிருக்கட்டும். தங்கள் கொல்லைச் சோளம் ஆளுயரம் வளரட்டும். நாய்கள் தங்களைக் கண்டால் வாலாட்டட்டும். நூறாண்டு கடந்தும் நலமே சூழட்டும்! இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருவதே முறை. பொறுத்தருளுங்கள், கீழுள்ள பட்டியல் எங்களுக்குச் சில காலம் தேவைப்படுகிறது.

இவண், தங்கள் அன்புப் பணியாளர்கள்:

ஒர்தென்சியா பாலாசியோஸ், அமீனா — வெள்ளி, காலை 7 மணி

ரோசெந்தோ லீமா, ஆவணக் காப்பாளர் — திங்கள், காலை 7 மணி

எவெலியா சார்கோ, தட்டச்சர் — செவ்வாய், காலை 7 மணி

ஃபவுஸ்தோ ரூகெரியோ, ஓட்டுநர் — புதன், காலை 7 மணி

மேற்கண்டவர்கள் அமீனா பொறுப்பில் நடவடிக்கையைத் தொடர இதனால் ஆணையிடப்படுகிறது. எந்தச் சட்டப்பிரிவின் கீழ் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை நான் போகிறேன்.

— க்ரிசெல்தா அரோயோ, நீதிபதி