சம்பத்தின் முதுகில் பட்ட குண்டு

ஹலோ... ஹலோ, டைரக்டரு ஜோயல் தம்பியா?... நான் தர்மராஜ் பேசறேன்... எந்த தர்மராஜா? உன் கௌபாய் படத்துக்கு சவுக்குத் தோப்பு குடுத்த தர்மராஜ்ப்பா. இருபத்திரெண்டு நாளு எங்க தோப்புல குதுரைய கட்டிகினு கெடந்தீங்களே... ஆங், அவனேதான்.

பார்த்தேன், பார்த்தேன். செங்கல்பட்டுலதான். வேன் வச்சி மொத்த வூட்டையும் இட்டுகினு போனேன்... நல்லா கீதான்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல ஒண்ணு கேக்கணும். எம்பையன் சம்பத்த எதுக்குப்பா முதுகுல சுட்ட?

...கூட்டத்துல ஒருத்தனா? தர்மராஜ் பையன்ப்பா அவன்... இரு, இரு, நான் பேசிடறேன். எங்க வூட்ல இதுவரைக்கும் எவனும் முதுகு காட்டினதில்ல. நீ நாப்பதடி திரையில காட்டியிருக்க.

அடுத்த மாசம் பதினாலாந்தேதி அவனுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு வூடு உத்திரமேரூரு. அவங்களும் படத்த பார்த்துட்டாங்க. பொண்ணோட அப்பா ஜெகதீசன் நேத்து போன் பண்ணி, "மாப்ள எப்பவுமே இப்டித்தான் ஓடுவாரா சம்பந்தி?"ன்றாரு... சிரிக்காத... இருமலா? சரி, இருமிக்க... நிச்சயத்த கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு வேற கேக்கறாரு. புரியுதா? கல்யாணம் ஒன்னாலதான் நிக்கப் போவுது.

...ஆமா... ஆமா... கதை எனக்குத் தெரியாம இன்னா. அஞ்சு ஊரு நெலத்த ரயில்காரன் புடுங்கறான், நூறு வருஷத்துக் கதைன்னு எங்க வூட்ல மோரு குடிச்சிகினு சொன்னியே, நானே கண்ணு கலங்கிட்டேன். படத்துல அது எங்கப்பா? மூணேகால் மணி நேரம் சுட்டுகினே கீறாங்க. நாலாவது சண்டையில யாரு நெலம், யாரு புடுங்கறதுன்னே மறந்து போச்சி. எம்பொஞ்சாதி செங்கம்மா பொணத்த எண்ணிகினே வந்தா, தொண்ணூத்தாறுல தூங்கிட்டா. மகாபலிபுரத்து மணல பாலைவனம்னு காட்டற, பின்னால லைட் ஹவுசு தெரியுது.

...பெரிய படம்னா நெறைய ஆளு வேணுமா? தொப்பி போட்டவன் எல்லாம் ஒரே மாதிரி கீறான். ஒருத்தன் சாவறப்ப ஐயோன்னு நெனைக்கறதுக்குள்ள அவம் மேல இன்னொருத்தன் வந்து விழறான்.

...நானா? நான் எத்தினி பேர சேர்த்தேன்?... பதினோரு பேரு. பதினோரு பேரு ஒரு கூட்டமா? தோப்பு குடுத்தவன் தன் ஜனத்துக்கு ஆளுக்கொரு வசனமும் ஒரு நல்ல சாவும் கேக்கறது நியாயந்தானே... குதுரைக்குக் கொட்டா போட்டவரு ஒம்பது பேர சேர்த்தாரா?... கெணறு குடுத்தவரு பதினாலா? பார்த்தியா, மனுஷனுக்கு ஒரு அளவு வேணாம்? அதத்தான் நானும் சொல்லிகினு கீறேன்.

சரி, சம்பத்து கதைக்கு வா. ஏன் முதுகு?... ம்... "அவங்கவங்க பக்கம் போங்க"ன்னு மைக்குல சொன்ன. நானும் அங்கதான் நின்னேன். அவனும் போனான்... அவன் வில்லன் கோஷ்டியா? கறுப்புத் தொப்பியா? இருக்கட்டுமே. கதாநாயகன் பக்கம் அவன் தாய்மாமன் நிக்கறாரு. வில்லன் பக்கம் யாரு? எட்டு வருஷமா எங்களோட பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க. அவங்களோட போயி எப்டிப்பா நிப்பான்?... எல்லாரும் அப்டித்தான் சொந்தக்காரங்க பக்கமா போயிட்டாங்களா?... அதான் கடைசி சண்டையில கறுப்பும் வெள்ளையும் கலந்து கெடக்குது.

தம்பி, அப்ப அவன் ஓடல. மாமங்கிட்ட போயிருக்கான். அத அப்டியே கீழ எழுத்துல போட்டுடு. "இவர் ஓடவில்லை, தாய்மாமனிடம் செல்கிறார்"னு... ஏன் முடியாது? சிகரெட்டு புடிச்சா மட்டும் போடறீங்க.

...மொத்தமா வெட்டிடறியா? வேணாம், வேணாம். பையன் நடிச்சிருக்கான்னு உத்திரமேரூரு வரைக்கும் சொல்லி வச்சிகீறேன். அப்புறம் நான் பொய் சொன்னவன் ஆயிடுவேன்.

...போன்ல பார்க்கறதுக்குன்னு கொறைச்சி வுடப்போறியா? எப்ப?... பத்தாந்தேதி. நிச்சயத்துக்கு நாலு நாளு முன்ன... அதுல மாத்தலாமா?... ஆங்... சொல்லு, சொல்லு... சம்பத்து மட்டும் நேரா நிக்கறான். எதிர்ல ஒரு கையி, துப்பாக்கி. மாருல படுது, விழறான்... அவ்ளோதானா? இத மொதல்லயே சொல்லக்கூடாதா? தோப்பு கீது, பையன் கீறான், நாளைக்கே வா. ஜெகதீசனுக்கு நானே போட்டுக் காட்டறேன்.

...படத்துல அவன சுட்ட துப்பாக்கிக்காரன் ஐதராபாத்து போயிட்டானா. அப்ப கையி?... ம்... யாரு கையா இருந்தாலும் பரவால்லயா?... பங்காளி எவனையும் கூப்புடாத, சொல்லிட்டேன். நெசமாவே கட்டையால அடிப்பான்... சரி, வேற யாரு?

...நானா?

...மூஞ்சி தெரியாதே?... கையி மட்டும். சரி. வாட்ச கழட்டிடறேன்... நடுங்குமா? எழுபத்திமூணு வயசுல இன்னும் ஊசியில நூலு கோக்கறேன் தம்பி.

இன்னா செங்கம்மா, எதுக்கு இப்ப கத்தற? வெறும் சத்தந்தான் வரும், குண்டு வராது, நீ போயி வேலைய பாரு... அவ கெடக்கறா தம்பி.

...ஆமா. காலையில ஏழு மணிக்கு. ஒரே தடவையில எடுத்துடலாம், பயப்படாத... எப்டியா? எதிர்ல நான் நின்னா அவன் அசைய மாட்டான்ப்பா. எனக்கு முதுகு காட்டற தைரியம் அவனுக்கு கெடையாது... வச்சிடறேன்.